யோகா வகுப்பில் அழுகை, வீட்டில் கோபம்: நான் வளர்கிறேனா?

கேள்வி: எனக்கு 39 வயது. வேலைக்குப் போகிறேன், 11 வயதில் ஒரு மகன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மா இறந்துவிட்டார். அதற்குப் பிறகு தூக்கம் கெட்டுப்போனது, எதிலும் மனசு ஒட்டவில்லை. தோழி சொன்னதால் எட்டு மாதமாக யோகா வகுப்புக்குப் போகிறேன், வாரத்தில் மூன்று நாள். முதல் சில மாதங்கள் நல்ல மாற்றம் தெரிந்தது; தூக்கம் வந்தது, கழுத்து வலி குறைந்தது. பிறகு சவாசனத்தில் படுத்திருக்கும்போது காரணமே இல்லாமல் கண்ணீர் வர ஆரம்பித்தது. மாஸ்டரிடம் சொன்னேன். இடுப்பில் தேங்கிக் கிடந்த துக்கம் வெளியேறுகிறது, தடுக்காதீர்கள் என்றார். இப்போது மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு தனி வகுப்பு நடத்துகிறார். அரை மணி நேரம் வேகமாக மூச்சு விடுவோம். விரல்கள் மரத்து, உதடு துடித்து, உடம்பு நடுங்கி, அப்புறம் ஓவென்று அழுகை வரும். முடிந்ததும் மனசு லேசாகிவிடும். ஆனால் மறுநாள் எழுந்திருக்கவே முடியாது. வீட்டிலோ சின்ன விஷயத்துக்கெல்லாம் மகனிடம் கத்திவிடுகிறேன். "இவ்வளவு யோகா பண்ணியும் கோபம் குறையலையே" என்கிறார் கணவர். வீட்டில் தனியாகச் செய்து பார்த்தேன். பத்து நாள் செய்வேன், விட்டுவிடுவேன், பிறகு குற்ற உணர்ச்சி. அடுத்த மாதம் ஐந்து நாள் முகாமுக்கு மாஸ்டர் கூப்பிடுகிறார், எனக்குள் இன்னும் நிறைய இருக்கிறதாம். நான் வளர்கிறேனா, இல்லை ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேனா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்டிருப்பது வளர்ச்சியைப் பற்றி. அதற்கு வருகிறேன், ஆனால் முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பைப் பேசிவிடுவோம். கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு உறுத்திக்கொண்டே இருப்பது அதுதான்.

அரை மணி நேரம் வேகவேகமாக மூச்சு விட்டால் யாருக்கும் விரல் மரக்கும். எனக்கும் மரக்கும், உங்கள் கணவருக்கும் மரக்கும், வாழ்க்கையில் பெரிய துக்கம் எதையும் பார்க்காத ஒருவருக்கும் மரக்கும். உடம்புக்கு வேண்டியதைவிட அதிகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு மளமளவென்று குறைகிறது. கழிவு வாயுதானே, போனால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ரத்தத்தின் அமில, காரச் சமநிலையைக் காப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அது திடீரென்று குறைந்தால் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சுருங்குகின்றன, தலை கிறுகிறுக்கிறது, ஏதோ மிதப்பது போல இருக்கிறது. ரத்தத்தில் கால்சியம் இருக்கும் நிலையும் மாறுவதால் நரம்புகள் சீக்கிரம் தூண்டப்படுகின்றன. விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவது போல இருக்கும், தசை துடிக்கும், சிலருக்குக் கைவிரல்கள் மடங்கி இறுகிக்கொள்ளும். பதற்றத்தில் மூச்சு வாங்கி அவசரப் பிரிவுக்கு ஓடி வருகிறவர்கள் சொல்லும் அறிகுறிகளும் கிட்டத்தட்ட இவையேதான். ஆகவே விரல் மரத்துப் போவதைக் காட்டி உள்ளே இருந்த துக்கம் கிளம்பிப் போகிறது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அது மூச்சின் வேலை.

அந்த அழுகை பொய் என்று நான் சொல்லவில்லை. தலை கிறுகிறுத்து, உடம்பு நடுங்கி, பக்கத்தில் நாலு பேர் அழ ஆரம்பித்துவிட்டால், நாள் முழுக்க நாம் இறுக்கிப் பிடித்து வைத்திருப்பது தளர்ந்துவிடும். உண்மையான துக்கம் உள்ளே இருந்தால் அதுவும் கூடவே வெளியே வரும். உங்களிடம் உண்மையான துக்கம் இருக்கிறது. ஆனால் வெளியே வந்ததாலேயே அது தீர்ந்துவிடாது, இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள்.

கோபத்தைப் பற்றி ஒரு பரிசோதனை உண்டு. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002இல் வெளியிட்டது. மாணவர்களைக் கோபப்படுத்திவிட்டு, ஒரு பிரிவினரைக் கோபமூட்டிய ஆளையே நினைத்துக்கொண்டு குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார், இன்னொரு பிரிவினரைச் சும்மா உட்கார வைத்தார். குத்தித் தீர்த்தவர்களின் கோபம்தான் அதிகமாக இருந்தது, சும்மா இருந்தவர்கள்தான் அடங்கியிருந்தார்கள். கோபமும் துக்கமும் ஒன்றில்லை, ஒரு பரிசோதனையை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்யவும் கூடாது. ஆனாலும் உள்ளே அடைந்து கிடப்பதைக் கொட்டிவிட்டால் காலியாகிவிடும் என்கிற கணக்கு மனசுக்குப் பொருந்துவதில்லை என்பது அதில் தெரிகிறது. மனசு ஒரு பாத்திரமாக இருந்தால் உங்கள் மாஸ்டர் சொல்வது சரி, கவிழ்த்துக் கொட்டிவிடலாம். ஆனால் மனசு, நாம் திரும்பத் திரும்பச் செய்வதையே பழக்கமாக ஆக்கிக்கொள்கிறது. மாதம் இரண்டு முறை உடம்பைப் பதற்றத்தின் உச்சிக்குக் கொண்டுபோய் அழுது ஓய்வது உங்களுக்கு எதைப் பழக்குகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

யோக மரபே இதை ஆதரிக்கிறதா என்றால், எனக்குத் தெரிந்து இல்லை. பதஞ்சலியின் யோக சூத்திரம் முதல் அத்தியாயத்தில், மனசை நிலைகொள்ள விடாத ஒன்பது தடைகளைச் சொல்லிவிட்டு, அந்தத் தடைகளோடு கூட வருபவை என்று நான்கைச் சொல்கிறது: துக்கம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், சீரில்லாத மூச்சு. உங்கள் ஞாயிற்றுக்கிழமை அப்படியே அந்தப் பட்டியலில் இருக்கிறது! பதஞ்சலி அவற்றை முன்னேற்றத்தின் அடையாளமாகச் சொல்லவில்லை, மனசு சிதறியிருப்பதன் அடையாளமாகத்தான் சொல்கிறார். பிராணாயாமத்தைப் பேசும் இடத்திலும் மூச்சு நீண்டதாக, நுட்பமானதாக ஆவதைத்தான் சொல்கிறார். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் ஹட யோகப் பிரதீபிகை இன்னும் கடுமை: சிங்கத்தையும் யானையையும் புலியையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க முடியும், மூச்சும் அப்படித்தான், அவசரப்பட்டால் பழகுகிறவரையே கொன்றுவிடும் என்கிறது. பஸ்திரிகா, கபாலபாதி போன்ற வேகமான பயிற்சிகள் அதே நூலில் இருக்கின்றன, மறுக்கவில்லை. அவற்றைச் சுற்று சுற்றாக, நடுவே ஓய்வு விட்டு, ஆசனத்தில் பழகிய உடம்போடு செய்வது ஒரு விஷயம். கூட்டமாக அரை மணி நேரம் நிறுத்தாமல் இரைப்பது வேறு விஷயம். வலிப்பு, இதய நோய், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், பதற்ற நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இரண்டாவதன் பக்கமே போகக்கூடாது. உங்கள் வகுப்பில் சேர்வதற்கு முன் இதையெல்லாம் கேட்டார்களா? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை.

சரி, இடுப்புக்கு வருவோம்.

இடுப்பில் துக்கம் தேங்குகிறது என்பது எங்கே போனாலும் கேட்கிற வசனமாகிவிட்டது. தசை என்பது சுருங்கும், தளரும். நினைவைப் பத்திரப்படுத்தி வைக்கிற அறை எதுவும் அதற்குள் இல்லை. ஆனால் இந்தப் பேச்சு முளைத்த இடம் முழுக்கப் பொய்யும் இல்லை. பயமோ கவலையோ வந்தால் நாம் தாடையைக் கடிக்கிறோம், தோளைத் தூக்குகிறோம், வயிற்றை உள்ளே இழுக்கிறோம், தொடையை இறுக்குகிறோம். மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் இறுக்கம் இருப்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும். ஆசனம் செய்து அது தளரும்போது, இவ்வளவு நாள் எதையோ தாங்கிக்கொண்டிருந்தோம் என்பது முதல் முறையாக உறைக்கிறது. இடுப்பை நீட்டும் ஆசனங்களில் பொதுவாக நீண்ட நேரம் அசையாமல் இருக்கிறோம், அதனால் அங்கே அதிகம் உறைக்கிறது. எனக்குத் தெரிந்த வரையில் அதற்கு மேல் மர்மம் எதுவும் இல்லை.

உங்கள் விஷயத்தில் அந்த அளவு உடற்கூறியல்கூடத் தேவையில்லை என்று நினைக்கிறேன். காரணமே இல்லாமல் கண்ணீர் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நாலைந்து வரிக்கு முன்னால் அம்மா இறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள், ஒரே ஒரு வரி, அவர் எப்படி இறந்தார், நீங்கள் கூட இருந்தீர்களா, அவர் உங்களுக்கு யாராக இருந்தார், ஒன்றும் இல்லை, அடுத்த வரியே தூக்கம், அதற்கு அடுத்தது தோழி, வகுப்பு. உங்களைக் குறை சொல்லவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருக்கிற ஒருவருக்குத் துக்கம் கொண்டாட நேரம் யார் தருகிறார்கள்? காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை யாராவது ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். யாரும் எதுவும் கேட்காமல், செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல் நீங்கள் மல்லாந்து கிடப்பது சவாசனத்தில் மட்டும்தான். அம்மா அங்கே வராமல் வேறு எங்கே வருவார்?

ஆகவே சவாசனக் கண்ணீரைப் பற்றி என் கருத்து இது: வந்தால் வரட்டும். வழிகிற கண்ணீரைத் துடைக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் அதைத் தேடிப் போகாதீர்கள், பெருக்காதீர்கள், வரவில்லையென்றால் அன்றைய வகுப்பு வீண் என்று நினைக்காதீர்கள். (அப்படி நினைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அழுகை வராத நாளில் முகம் தொங்கிப்போய் யோகா மேட்டைச் சுருட்டுவார்கள்.) அம்மாவுக்கான துக்கத்துக்கு இன்னும் ஆழமாக இடுப்பைத் திறப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அதற்கு வேண்டியது பேச்சு. அம்மாவைத் தெரிந்த ஒருவரோடு, அக்காவோ தம்பியோ மாமாவோ, உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசுவது, கடைசி நாட்களைப் பற்றியும்கூட. பேச ஆள் இல்லையென்றால் எழுதுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்களை உலுக்கிய ஒரு சம்பவத்தைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாட்கள், தினம் 15 நிமிடம் எழுதினார்கள். எழுதிய உடனே அவர்களுக்கு மனசு கனத்துத்தான் போனது, லேசாகவில்லை. பிந்தைய மாதங்களில் மருத்துவரைத் தேடிப் போவது குறைந்தது யாருக்கு என்று பார்த்தால், நடந்ததையும் அப்போது தாங்கள் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்களுக்கு. வெறும் உணர்ச்சியைக் கொட்டியவர்களைவிட அவர்களுக்குப் பலன் தெரிந்தது. உங்கள் ஞாயிற்றுக்கிழமையை இதோடு வைத்துப் பாருங்கள்: அங்கே உணர்ச்சி மட்டும் இருக்கிறது, அம்மா இல்லை.

இனி கோபம். "இவ்வளவு யோகா பண்ணியும்" என்று கணவர் சொல்வது குத்தலாக இருந்தாலும் அதில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. மேட்டில் கிடைக்கிற அமைதி ஏன் சமையலறை வரை வருவதில்லை?

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். மகனிடம் கத்துவது எந்த நாட்களில்? ஞாயிறு வகுப்பு முடிந்த திங்கள், செவ்வாய்க் கிழமைகளில் அதிகமா? எழுந்திருக்க முடியாத உடம்போடு ஒரு வேலைநாளைத் தள்ளுகிற யாருக்கும் சாயங்காலம் பொறுமை மிஞ்சாது. ஒரு மாதம் காலண்டரில் குறித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கூடவே ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், ரத்தசோகையும் தைராய்டும் முக்கியமாக. 39 வயதுப் பெண்ணின் களைப்பையும் எரிச்சலையும் மனசின் கணக்கிலேயே எழுதிவிட்டு, எளிதாகச் சரிசெய்யக்கூடிய குறைபாட்டை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அது ஒருபுறம் இருக்கட்டும். அமைதியாகப் படுத்திருக்கும்போது அமைதியாக இருப்பது பெரிய பயிற்சி இல்லை, எல்லோராலும் முடியும். வளர்ச்சி என்று நீங்கள் கேட்பதற்கு உண்மையில் உதவக்கூடிய இடம் வகுப்பின் நடுவில், யாரும் கவனிக்காத ஒரு நேரத்தில் இருக்கிறது. உத்கடாசனத்தில் நிற்கிறீர்கள், நாற்காலியில் உட்கார்வது போல, ஆனால் நாற்காலி இல்லாமல். தொடை எரிய ஆரம்பிக்கிறது. அந்த நொடியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? சிலர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். சிலர் பல்லைக் கடிப்பார்கள். சிலர் பக்கத்து மேட்டில் இருப்பவரைப் பார்ப்பார்கள், அவள் இறங்காதவரை நானும் இறங்க மாட்டேன் என்று. சிலர் மாஸ்டரை மனசுக்குள் திட்டுவார்கள், ஏன் இன்னும் எண்ணி முடிக்கவில்லை என்று. சிலர் எரிய ஆரம்பித்ததுமே விட்டுவிட்டு, தன்னால் எதுவும் முடியாது என்று முடிவு கட்டிவிடுவார்கள். நான் கவனித்த வரையில், மேட்டில் ஒருவர் கஷ்டத்தை எப்படி எதிர்கொள்கிறாரோ கிட்டத்தட்ட அப்படியேதான் வீட்டிலும் எதிர்கொள்கிறார். மூச்சைப் பிடித்துப் பல்லைக் கடித்துத் தாங்கித் தாங்கி, ஒரு கட்டத்தில் வெடிக்கிறவர் நீங்கள் என்று கடிதத்தை வைத்து ஊகிக்கிறேன். தவறாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை இதைச் செய்து பாருங்கள். மிகக் கடினமான ஆசனம் வேண்டாம், கொஞ்சம் சிரமமானது போதும். அதில் ஐந்து மூச்சு நில்லுங்கள். தொடையைக் கவனிக்க வேண்டாம், அது எரியத்தான் செய்யும். தாடை எப்போது இறுகுகிறது, தோள் எப்போது காதை நோக்கி ஏறுகிறது, மூச்சு எப்போது நிற்கிறது என்பதை மட்டும் பாருங்கள். பார்த்ததும் ஒரு நீண்ட வெளிமூச்சு. மறுபடி இறுகினால் மறுபடி ஒன்று. முடியவில்லை என்றால், உடைந்து விழுவதற்கு முன்னால் நீங்களாகவே நிதானமாக வெளியே வாருங்கள். இதுதான் பலருக்கு வராது. விழும்வரை நிற்பார்கள், இல்லையென்றால் ஆரம்பத்திலேயே விட்டுவிடுவார்கள். தன் எல்லை நெருங்குகிறது என்று தெரிந்து, வெட்கப்படாமல், பாதியில் இறங்கத் தெரிவது அபூர்வம்.

வீட்டில் மகன் ஹோம்வொர்க்கை மூன்றாவது நாளாக மறைத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கத்துவதற்கு முன் அதே தாடை இறுகும், அதே தோள் ஏறும். மேட்டில் பார்த்துப் பழகியிருந்தால் இங்கேயும் அது கண்ணில் படும். உடனே இல்லை. முதலில் கத்தி முடித்த பிறகுதான் தெரியும், அட, தோள் காதுவரை வந்திருக்கிறதே என்று. சில வாரம் கழித்துக் கத்திக்கொண்டிருக்கும்போதே தெரியும், அது இன்னும் அவஸ்தை, ஏனென்றால் தெரிந்தும் நிறுத்த முடியாது. அதற்கும் கொஞ்ச காலம் கழித்து என்றாவது ஒரு நாள் கத்துவதற்கு முன்னாலேயே தெரியும், அன்று உங்களுக்கு இரண்டு விநாடி கிடைக்கும், அந்த இரண்டு விநாடியில் ஒரு நீண்ட வெளிமூச்சு விட்டுவிட்டு "எனக்கு இப்போ ரொம்பக் கோபமா இருக்கு, பத்து நிமிஷம் கழிச்சுப் பேசலாம்" என்று சொல்ல முடியும். எல்லா நாளும் முடியாது. ஆனால் வளர்ச்சியை அளக்க வேண்டுமென்றால் நான் இங்கேதான் அளப்பேன்: தெரிய வருகிற நேரம் முன்னே நகர்கிறதா, கத்திய பிறகு மகனிடம் போய் "கத்தினது தப்பு" என்று சொல்ல எடுக்கும் நேரம் குறைகிறதா. எவ்வளவு அழுதீர்கள் என்பதையோ எவ்வளவு வளைந்தீர்கள் என்பதையோ அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

வெளிமூச்சையே ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், அதற்கு உடம்பில் நேரடியான காரணம் உண்டு. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் வேகமெடுக்கிறது, விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக அது மெதுவாகிறது. ஒவ்வொரு மூச்சிலும் இது நடக்கிறது. விடுவதை நீட்டினால் மெதுவாகும் பகுதி நீள்கிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற வேகத்தில் இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலானவர்களுக்கு மிகச் சீராக அமைகிறது. 2001இல் இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியின் குழு ஒரு சுவாரசியமான விஷயத்தை வெளியிட்டது: கிறிஸ்தவ ஜெபமாலையை லத்தீனில் சொன்னாலும், யோக மந்திரத்தை ஜபித்தாலும், சொல்கிறவரின் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறுக்கு இறங்கிவிடுகிறது. மந்திரத்தில் நம்பிக்கை இருந்தால் சொல்லிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், கணக்கு ஒன்றுதான். உங்கள் ஞாயிற்றுக்கிழமை மூச்சு இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

யோகா ஆழமான காயத்துக்கு உதவாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெஸ்ஸல் வான் டெர் கோல்க் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் மனக்காய நோயோடு (PTSD) நீண்ட காலமாகப் போராடி, சிகிச்சைக்கும் சரியாகக் கட்டுப்படாத 64 பெண்கள் இருந்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பத்து வாரம், வாரம் ஒரு மணி நேரம் யோகா; இன்னொரு பிரிவினருக்கு அதே அளவு நேரம் உடல்நலக் கல்வி. முடிவில் அளவிடப்பட்டவர்களில், யோகா பிரிவில் 31 பேரில் 16 பேருக்கு அந்த நோய்க்கான அளவுகோல்கள் பொருந்தவில்லை, மற்றப் பிரிவில் 29 பேரில் 6 பேருக்கு. சின்ன ஆய்வுதான், யோகாவை மற்ற சிகிச்சைக்குத் துணையாகத்தான் கொடுத்தார்கள். எனக்கு அதில் பிடித்தது, அந்த வகுப்பு எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பது. எளிய ஆசனங்கள், மூச்சைக் கவனிப்பது, உடம்பில் இப்போது என்ன தெரிகிறது என்று பார்ப்பது, பிடிக்கவில்லை என்றால் செய்யாமல் இருக்கும் சுதந்திரம். யாரையும் அழ வைக்க யாரும் முயலவில்லை.

தொடர்ந்து செய்ய முடியவில்லை என்கிற குற்ற உணர்ச்சிக்கு வருகிறேன், இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், பத்தாவது நாளில் விட்டதும் நீங்கள் தோற்றுவிட்டதாக நினைத்திருப்பீர்கள். லண்டனில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைத் தொடர்ந்து பார்த்தபோது, ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் அளவுக்குப் பழக்கமாக 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவாகச் சொன்னால் 66 நாள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. பதஞ்சலியின் அந்த ஒன்பது தடைகளில்கூட சோம்பல் இருக்கிறது, சந்தேகம் இருக்கிறது, அடைந்த நிலையில் நிற்க முடியாமல் போவதும் இருக்கிறது. விட்டுப்போவது உங்கள் தனிப்பட்ட குறை என்றால் அதைப் பட்டியலில் சேர்த்திருக்க மாட்டார்.

வீட்டில் ஒரு மணி நேரம் என்று திட்டம் போட்டிருப்பீர்கள், அதனால்தான் பத்து நாளில் நின்றது என்று ஊகிக்கிறேன். பதினைந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், தினமும் செய்கிற ஏதோ ஒரு வேலைக்கு அடுத்ததாக. பல் தேய்த்ததும் மேட் என்று இருந்தால் நேரம் பார்க்கவே வேண்டாம். கை, முட்டி ஊன்றி முதுகை மேலும் கீழும் மெதுவாக அசைக்கும் மார்ஜரி ஆசனம், குப்புறப் படுத்து நெஞ்சை உயர்த்தும் ஒரு புஜங்காசனம், நின்றபடி ஒரு முன்வளைவு, மேலே சொன்ன அந்த ஐந்து மூச்சு ஆசனம் ஒன்று, பிறகு உட்கார்ந்து சில நிமிடம் நாலுக்கு ஆறு மூச்சு. கடைசியில் சவாசனம். கண்ணை மூடியதும் நெஞ்சு படபடத்தால் கண்ணைத் திறந்தபடி படுங்கள், அல்லது ஒருக்களித்துப் படுங்கள். இறுக்கம் தளரும்போதே பதற்றம் வருவது சிலருக்கு நடக்கும், அது கோளாறு இல்லை, மெதுவாகப் பழகினால் அடங்கும். முடியாத நாளில் வெறும் மூச்சு மட்டும் செய்துவிட்டு எழுந்து போங்கள், அதையும் செய்ததாகவே கணக்கில் வையுங்கள்.

வாரம் மூன்று நாள் வகுப்பை விட வேண்டாம். தூக்கமும் கழுத்தும் சரியானது அதனால்தான், அது நல்ல வகுப்பாகத்தான் தெரிகிறது. மாஸ்டரைக் கெட்டவர் என்றும் நினைக்கவில்லை. தான் நம்புவதைச் செய்கிறார். ஆனால் அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "ஞாயிறு வகுப்புக்கு அடுத்த நாள் எழுந்திருக்க முடியலை மாஸ்டர், எனக்கு எப்படி மாத்திக்கலாம்?" புகழ்பெற்ற யோகா ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சார்யாவின் மகன் தேசிகாச்சார் வாழ்நாள் முழுக்க வலியுறுத்தியது ஆளுக்கு ஏற்றபடி பயிற்சி மாற வேண்டும் என்பதை; ஆசிரியரின் திறமை தெரிவதே அங்கேதான். உங்கள் மாஸ்டர் யோசித்து மாற்றிக் கொடுத்தால் நல்லது. இன்னும் அழுத்தமாகச் செய்தால் எல்லாம் சரியாகும் என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் மகனோடு வீட்டில் இருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். தூக்கம் மறுபடி போய்விட்டால், அம்மாவின் நினைவு நாள் முழுக்க வேறெதையும் செய்ய விடாமல் பிடித்துக்கொண்டால், உங்கள் உடம்பையே வெளியிலிருந்து பார்ப்பது போலத் தோன்றினால், வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தாலும், யோகா ஆசிரியரிடம் போகாமல் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள். அந்தக் கடைசி எண்ணம் வந்தால் அன்றைக்கே, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு. இழப்புக்குப் பிறகு ஒரு வருடம் தாண்டியும் துக்கம் அன்றாட வாழ்க்கையைக் குலைத்துக்கொண்டே இருந்தால், நீடித்த துக்க நோய் என்று அதைத் தனியாகவே வகைப்படுத்துகிறார்கள். 2022இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டிலும் சேர்ந்தது. அதற்கென்று பேச்சுச் சிகிச்சை முறை இருக்கிறது. உங்களுக்கு அது இருக்கிறதா என்று ஒரு கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது, நேரில் பார்க்கிறவர் சொல்வார்.

முகாமுக்கு இந்த முறை போக வேண்டாம். ஐந்து நாள், வீட்டை விட்டு விலகி, அதே வேகமான மூச்சு தினமும், பாதியில் எழுந்து வரத் தயக்கம், துக்கத்தில் இருக்கிற ஒருவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உள்ளே இன்னும் நிறைய இருக்கிறது என்பதைக் கேட்டால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும், எல்லோருக்குள்ளும் நிறையத்தான் இருக்கிறது, அதையெல்லாம் அடுத்த மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மாஸ்டரிடம் காரணம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். "இந்த முறை நான் வரலை மாஸ்டர்" என்று சொன்னால் போதும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்